முப்பது நாள் தொங்கும் காகிதம்

அக்கா,

பதிவு அலுவலகத்துக்குப் போய்விட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன். மனை வாங்குகிறவர்களும் விற்கிறவர்களும் கல்யாணத்தைப் பதிகிறவர்களும் வந்து கால் கடுக்க நிற்கிற இடம் அது. உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு பலகை இருக்கும். யாரோ ஒரு ஜோடியின் காகிதத்தை அதில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். கிண்ணத்தில் மைதாப் பசை, மயில்துத்தம் போட்டுக் கிளறியது. கொஞ்சம் புளித்த அந்த வாசனை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். பள்ளிக்கூடத்தில் உன் தையல் அறையில் அட்டைக் கிரீடத்துக்கு ஜிகினா ஒட்ட இதே பசையைத்தான் காய்ச்சுவாய். பாதிக் கிரீடத்தைப் பூச்சி தின்றுவிட்டது என்று துத்தத்தைக் கூடப் போட்டு, பிள்ளைகள் எல்லாரையும் தலைவலிக்க வைத்தாயே, அந்த வாசனை.

நீ கண்ணை மூடி மூன்று வருஷம் ஆகிறது. உன்னிடம் பேச வேண்டியது பாக்கி இருக்கிறது. உன்மேல் கோபமும் பாக்கி இருக்கிறது, அதை மறைக்கப் போவதில்லை. நான் மூன்றாம் வகுப்போடு நின்றவள், எழுத்து கோணலாகத்தான் வரும். ஞாபகம் கோணாது.

அந்தப் பலகையில் தொங்குகிற காகிதங்களில் ஒன்று என் பேத்தி கயல்விழியுடையது. என் பிள்ளை செல்வத்தின் மகள். ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை. அவள் படம் ஒன்று, பக்கத்தில் கண்ணாடி போட்ட ஒரு பையன் படம். பெயர் லூர்துராஜ், அதே ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவன் உங்கள் கோயில், இவள் எங்கள் கோயில். இப்படி இரண்டு மதத்துக்காரர்கள் சர்க்காரிடம் போய்க் கல்யாணம் செய்துகொள்வதென்றால், முதலில் அந்தக் காகிதம் முப்பது நாள் சுவரில் தொங்க வேண்டுமாம். யாருக்காவது ஆட்சேபணை இருந்தால் வந்து சொல்லலாமாம். ஊரே வந்துபோகிற இடத்தில் முப்பது நாள் அக்கா. அதுவும் பெற்றவனுக்குத் தெரியாமல் ஒட்டியது.

எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பாய். அவளேதான் சொன்னாள்.

"ஆயா, உன் ஆதார் கார்டக் குடு."

"எதுக்குடி, ரேஷனுக்கா?"

"சாட்சிக் கையெழுத்துக்கு."

யாருக்குச் சாட்சி, எதற்குச் சாட்சி என்று நான் ஒவ்வொன்றாகக் கேட்க, அவள் ஒவ்வொன்றாகச் சொன்னாள். கடைசியில், "அப்பாகிட்ட சொல்லாத ஆயா," என்றாள். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இன்னொரு பெண் இதே வார்த்தையை என்னிடம் சொன்னாள். உன் மகள் சில்வி.

மறுநாளிலிருந்து காலையில் மீன் விற்று முடித்துக் கூடையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு நேராக அலுவலகத்துக்குப் போக ஆரம்பித்தேன். பலகைக்கு எதிரே பெஞ்சு இருக்கிறது. அதில் உட்கார்ந்து யார் நின்று படிக்கிறார்கள் என்று முகத்தைப் பார்ப்பேன். எங்கள் வீராம்பட்டினத்து ஆளோ செல்வத்துக்குத் தெரிந்தவனோ வந்தால் எழுந்துபோய் அவனுக்கும் பலகைக்கும் நடுவில் நின்றுகொள்வேன். "என்னா தம்பி, மனை வாங்குறியா, எந்தப் பக்கம், மொகமெல்லாம் எளைச்சிப் போயிருக்கே, ஊட்டுல சோறு போடுறாளா இல்லியா." அவன் தப்பித்தால் போதும் என்று ஓடிவிடுவான். பியூன், "ஆயா, உங்களுக்கு என்னா வேல ஆவணும்," என்று கேட்டுக் கேட்டு அலுத்துப் போய்விட்டார். பென்ஷன் விஷயம் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

உட்கார்ந்திருந்த நேரமெல்லாம் அந்த நாடகம்தான் ஓடியது.

கடற்கரைப் பக்கம் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்தில் நான் பெருக்குகிறவள், நீ தையல்காரி. என் பேரைச் சொல்லி நீ ஒரு நாளும் கூப்பிட்டதில்லை. "அலோர், வீராம்பட்டினம், வந்துட்டியா," என்பாய், பேச்சைத் தொடங்க உனக்கு எப்போதும் அந்த பிரெஞ்சு வார்த்தை வேண்டும். அந்த வருஷம் ஒரு சோக நாடகம் போடுவது என்று பள்ளிக்கூடத்தை நடத்திய கன்னியாஸ்திரிகள், நம் மாசேர்கள், முடிவு செய்தார்கள். அவர்கள் ஊரில் பல தலைமுறையாக ஆடுகிற பழைய கதை என்றார் பெரிய மாசேர். தமிழ் டீச்சர் அதைத் தமிழில் எழுதிக் கொடுத்தார். மூன்று மாதம் ஒத்திகை. பெரிய கூடத்தின் கடைசியில் நான் துடைப்பத்தோடும் நீ ஊசி நூலோடும் உட்கார்ந்து முப்பது தடவையாவது பார்த்திருப்போம்.

ஒரு ஆறு. இந்தக் கரையில் ஒரு குடும்பம், அந்தக் கரையில் ஒரு குடும்பம். ஓடம் விடுகிற உரிமை யாருக்கு என்று தாத்தா காலத்துப் பகை. இந்தக் கரைப் பையன், அந்தக் கரைப் பெண். முதல் காட்சியில் பையன் சிநேகிதர்களுக்கு நடுவில் நின்றுகொண்டு காதல் என்றால் இருட்டில் விளக்கு, காதல் என்றால் கரையில்லாத ஆறு என்று அடுக்குவான். அதுவரை ஒரு பெண்ணோடு நின்று இரண்டு வார்த்தை பேசியிருக்க மாட்டான். பெண் ஊஞ்சலில் ஆடிக்கொண்டு, "காதலா, அது காய்ச்சல் மாதிரி, கஞ்சி குடித்துப் படுத்தால் காலையில் போய்விடும்," என்பாள். நாம் ஒவ்வொரு தடவையும் அங்கே சிரித்தோம்.

அப்புறம் துறையில் சந்திப்பார்கள். பையன் அவள் கண்ணைப் பாடுவான், கூந்தலைப் பாடுவான். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நாளைக்கு வருவாயா? எந்தத் துறைக்கு? எந்த நேரத்துக்கு?" என்பாள். நீ என் தொடையில் தட்டினாய். "பாத்தியா வீராம்பட்டினம், அவன் பாட்டுப் பாடுறான், இவ நேரம் கேக்குறா. ஒரே ராத்திரியில பொண்ணு பெரிய மனுஷி ஆயிட்டா." காய்ச்சல் என்று சொன்ன வாய்க்குக் காதல் என்பது சொன்ன நேரத்துக்கு வந்து நிற்பது என்று ஆகிவிட்டது. பையனுக்கு இன்னும் அது பாட்டாகத்தான் இருந்தது. அவள் அண்ணன் ஆற்றுச் சண்டையில் செத்த பிறகு அவன் பாட்டும் போய், உனக்காகச் சாவேன், உனக்காகச் சாவேன் என்று ஆரம்பித்தான். அதற்கு அவள், "நீ செத்தால் நான் யாரோடு சாப்பிடுவது?" என்று கேட்பாள். அந்த இடம் எனக்கு உயிர்.

முடிவு உனக்குத் தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். அவளுக்கு வேறு இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. பௌர்ணமியன்று ஓடத்தில் வா, போய்விடலாம் என்று சொல்லி அனுப்புகிறாள். பௌர்ணமிக்கு இரண்டு நாள் இருக்கும்போது, அவளுக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது என்று எவனோ பையனிடம் தப்பாகச் சொல்கிறான். கேட்டவன் உண்மையா என்று விசாரிக்க வேண்டாமா? வெள்ளத்தில் குதித்து நீந்துகிறான். மூட்டை கட்டி வைத்துக்கொண்டு கரையில் நின்ற அவள் காலடியில் அவன் உடம்பு ஒதுங்குகிறது. அத்தனை நேரம் துறையும் மணியும் கேட்டவள், ஒன்றும் கேட்காமல் ஆற்றில் இறங்கிப் போகிறாள்.

இரண்டு பேரைப் பற்றியும் எல்லாம் தெரிந்த ஒருத்தி கதையில் இருந்தாள், ஓடக்காரி. அவள்தான் அங்கேயும் இங்கேயும் சேதி கொண்டு போனவள். கடைசி வரை பெற்றவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அந்த இரண்டு குடும்பத்தின்மேல்கூடக் கோபம் வரவில்லை, அந்த ஓடக்காரிமேல்தான் வந்தது. "வாயில என்னா கொழுக்கட்டையா வச்சிருந்தா? அவ ஒரு வார்த்த சொல்லியிருந்தா ரெண்டு உசிரு மிஞ்சியிருக்கும்," என்று உன்னிடம் எத்தனை நாள் கத்தியிருக்கிறேன். நீயும் ஆமாம் ஆமாம் என்றாய். அதை மறந்துவிடாதே. நீயும் ஆமாம் என்றாய்.

அந்தப் பெண்ணாக நடித்தது சில்வி. பதினெட்டு வயது. முதல் மாதம் காய்ச்சல் வசனத்தைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்து டீச்சரிடம் திட்டு வாங்குவாள். இரண்டாவது மாதம் சிரிப்பு நின்றது. "எந்தத் துறைக்கு? எந்த நேரத்துக்கு?" என்று கேட்கும்போது அவள் கண் பையன் வேஷத்தில் எதிரே நின்ற பெண்ணைப் பார்க்காது, மூலையில் ஆர்மோனியம் வாசித்துக்கொண்டிருந்த ஆளைப் பார்க்கும். அரியாங்குப்பத்துக்காரன், எங்கள் கோயில்காரன், நல்ல பிள்ளை. உனக்கு அது தெரியவில்லை. உன் கண் அவள் பாவாடைக் கரையில் இருந்தது, எந்தப் பக்கம் தூக்கிக்கொண்டிருக்கிறது என்று.

நாடகத்துக்கு இரண்டு நாள் முன்பு, குழாயடியில் நான் வாளி நிரப்பிக்கொண்டிருந்தபோது சில்வி வந்தாள். "சித்தி, நாடகம் முடிஞ்ச மறுநாள் நான் அவரோட போயிடுவேன். அரியாங்குப்பத்துல அவங்க அக்கா வீடு இருக்கு. அம்மாகிட்ட சொல்லாதீங்க."

நான் சொன்னேன். அன்றைக்கே, உன் தையல் அறைக்கு வந்து, கதவைச் சாத்திவிட்டு உன்னிடம் சொன்னேன். நான் ஓடக்காரி ஆக மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு சொன்னேன். பெரிய நல்லது செய்துவிட்டதாக நெஞ்சு நிமிர்ந்து நின்றேன். நீ ஊசியைப் பஞ்சு உருண்டையில் குத்திவிட்டு, "சரி, போ," என்றாய்.

நாடகத்தன்று திரைக்குப் பின்னால் நீதான் அவளுக்குத் தலை வாரினாய். பூ வைத்தாய். கொண்டை சரியாக நிற்கிறதா என்று கையை வைத்துப் பார்த்தாய். அவளுக்கு ஒன்றும் தெரியாது, உனக்கு எல்லாம் தெரியும், உன் கை நடுங்கவே இல்லை. அதைத்தான் அக்கா என்னால் இன்றுவரை மறக்க முடியவில்லை. மேடையில் அவள் ஆற்றில் இறங்கிப் போனபோது கூடமே அழுதது. நீ அழவில்லை.

மறுநாள் அவளை வீட்டில் வைத்துப் பூட்டினாய். மூன்று வாரத்தில் பிரான்சில் இருந்த ஒரு சொல்தா குடும்பத்தில், பட்டாளத்து பென்ஷன் வாங்குகிறவர் வீட்டில், சம்பந்தம் பேசி அனுப்பிவிட்டாய். போவதற்கு முன்னால் சர்டிபிகேட் வாங்க அவளைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தாய். நீ ஆபீசுக்குள் இருந்த நேரத்தில் அவள் வராந்தாவில் என்னிடம் வந்தாள்.

"நீங்களா சித்தி சொன்னது?"

"கண்ணு, நாடகத்துல அந்த ஓடக்காரி மட்டும் சொல்லியிருந்தா..."

"நான் சாவப் போறேன்னா சொன்னேன்? அரியாங்குப்பம் போறேன்னுதானே சொன்னேன். பாலத்துல பஸ் ஓடுது சித்தி."

மேடையில் இருந்த ஆறும் வெள்ளமும் என் மண்டைக்குள் ஏறிக்கொண்டு, பஸ் போகிற ஊருக்குப் போகிறேன் என்று சொன்ன பிள்ளையைக் காப்பாற்றக் கிளம்பிவிட்டேன்.

இப்போது உன் பங்குக்கு வருகிறேன். சில்வி பிரான்சுக்குப் போன அந்த மாதமே, நான் கோள் சொல்கிறவள், பிள்ளைகள் நடமாடுகிற இடத்தில் வைத்துக்கொள்ளக் கூடாது என்று பெரிய மாசேரிடம் சொன்னது நீ. சத்தியம் செய்து இல்லை என்று சொல்ல நீ இப்போது இல்லை. வேலை போயிற்று. அம்மா தலையில் இருந்த மீன் கூடையை என் தலைக்கு மாற்றினேன். ஆர்மோனியக்காரன் ஒரு மாதம் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றான். உன் மகளைப் பற்றி அவனுக்கும் நான்தான் சொல்ல வேண்டியிருந்தது. பதினோரு வருஷம் நாம் பேசவில்லை. எதிரே வந்தால் நீ அந்தப் பக்க நடைபாதைக்குப் போவாய். நான் போக மாட்டேன், நடுவிலேயே நடப்பேன்.

பதினோரு வருஷம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, தெருச் சந்தையில் வெங்காயம் பொறுக்கிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் ஒரு கை வந்து பொறுக்கியது. உன் கை. நிமிர்ந்து பார்க்கவில்லை, நீயும் பார்க்கவில்லை.

"அலோர், வீராம்பட்டினம். நீ ஓடக்காரியப் பாத்துகிட்டு இருந்த. நான் அந்தப் பொண்ணோட அம்மாவப் பாத்துகிட்டு இருந்தேன். அந்தப் புள்ளைய யாரும் பாக்கல."

"அழுகினதப் போடுறியே, கண்ணு தெரியலியா," என்றேன்.

அதற்குப் பிறகு பேசினோம், சாப்பிட்டோம், கல்யாணம் காரியத்துக்குச் சேர்ந்து போனோம். இந்த விஷயத்தை மட்டும் தொடவில்லை. நீ போனபோது சில்வி வந்திருந்தாள். தலை நரைத்திருந்தது. என்னைப் பார்த்துத் தலையை லேசாக ஆட்டினாள். அவ்வளவுதான்.

சரி, கயல் கதைக்கு வருகிறேன்.

பதினேழாம் நாள், வெள்ளிக்கிழமை. செல்வம் ஓட்டல்களுக்கு மீன் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தான். வண்டியில் ஐஸ் பெட்டி வைத்து ஊரெல்லாம் போடுகிறான் இப்போது. "எம்மா, மூலக்குளத்துல அந்த ரெண்டாவது மனை முடிஞ்சிருச்சு. வர்ற வியாழக்கெழமை ரிஜிஸ்டர்," என்றான். எந்த ஆபீசில் என்று நான் கேட்கவில்லை. நான் தினமும் உட்கார்ந்திருக்கிற ஆபீசில்தான். செல்வத்துக்கும் பலகைக்கும் நடுவில் நின்று முகம் இளைத்திருக்கிறதே என்று நான் சொல்ல முடியுமா?

கயலைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவள் உடனே போனை எடுத்தாள். வியாழக்கிழமைக்கு முன்னால் ஏதாவது ஒரு கோயிலில் தாலி கட்டிவிடு, மீதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று லூர்துவிடம் சொன்னாள். அந்தப் பையன் பேசியது எனக்குக் கேட்கவில்லை, இவள் பேசியது கேட்டது. "முப்பது நாளுன்னு சொன்னா முப்பது நாளா? அப்போ உனக்கு பயம். எனக்காக ஓடி வர மாட்ட, அவ்ளோதான்." போனைக் கட்டில்மேல் எறிந்தாள். "கூப்ட்டா வருவான்னு நெனைச்சேன் ஆயா. 'உங்க அப்பா படிச்சா படிக்கட்டும், நான் ஓடிப் போறதுக்காக நோட்டீஸ் ஒட்டல, சொல்லிட்டுப் போறதுக்காகத்தான் ஒட்டினேன்'னு வியாக்யானம் பேசுறான்."

இரண்டு நாள் பொறுக்க முடியாமல் வெள்ளத்தில் குதித்த அந்தப் பையன் என் கண் முன்னால் வந்தான். இங்கே குதிக்கப் பார்ப்பது பெண். எழுந்து போய் செல்வத்திடம் சொல்லிவிடலாமா என்று என் நாக்கு உள்ளே துடித்தது. அடுத்த அறையில்தான் இருந்தான், பத்து அடி. சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட்டு இவள் ஓடினால் என்ன ஆகும் என்றும் தெரியும். வீராம்பட்டினத்தில் எங்கள் பங்காளிகள் இருக்கிறார்கள், அவர்கள் பேச்சைக் கேட்டு ஆடினால் செல்வம் செல்வமாக இருக்க மாட்டான்.

வேறு வழி தெரியாமல் சில்வி கதையை அவளுக்குச் சொன்னேன். நான் செய்ததை மறைக்காமல் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"அவங்களே எதுக்கு அவங்க அம்மாகிட்ட சொல்லல?"

"பயம்டி."

"எனக்கும்தான் பயமா இருக்கு."

கட்டில்மேல் கிடந்த போனை எடுத்து ஏதோ எழுதி அனுப்பினாள். பிறகு, "ஞாயித்துக்கெழம மதியம் நானே சொல்றேன். நீ பக்கத்துல ஒக்காரு. வாயத் தொறக்கக் கூடாது. தொறந்தா ஆதார் கார்டத் திருப்பிக் குடுத்துட்டு வேற சாட்சி பாத்துக்குவேன்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை செல்வம் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கயல் எதிரே உட்கார்ந்து, பையன் பேர், வேலை, கோயில், காகிதம் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். அவள் அம்மா வசந்தி கரண்டியைப் பிடித்தபடி நின்றுவிட்டாள். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டு, இரண்டு உதட்டையும் பல்லால் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எத்தினி நாளாப் பழக்கம்?"

"ரெண்டு வருஷம்பா."

"நோட்டீஸ் ஒட்டி எத்தினி நாளாச்சி?"

"பத்தொம்பது நாளு."

"எங்கிட்ட சொல்றதுக்கு முன்னாடி செவுத்துகிட்ட சொல்லிட்ட." பிறகு என் பக்கம் திரும்பினான். "எம்மா, ஒனக்குத் தெரியுமா?"

தலையை ஆட்டினேன். அவன் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். வசந்தி அழுதுகொண்டே பாத்திரத்தைத் தேய்த்தாள். அன்றிலிருந்து மகளோடு பேச்சு இல்லை. வருவான், சாப்பிடுவான், போவான். பங்காளிகளிடம் போனானா, யாரிடம் என்ன சொன்னான், ஒன்றும் தெரியாது. அவன் போன் அடிக்கும்போதெல்லாம் யாரோடு பேசுகிறான் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மீன் வெட்டும்போது இரண்டு தடவை விரலை வெட்டிக்கொண்டேன்.

வியாழக்கிழமை அவனுக்கு முன்னால் நான் அலுவலகத்துக்குப் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். அவன் தரகரோடும் மனைக்காரரோடும் வந்தான். உள்ளே கையெழுத்து முடிந்து, மற்றவர்களை டீ குடிக்க அனுப்பிவிட்டு, தனியாகப் பலகைக்கு வந்தான். நான் எழுந்திருக்கவில்லை. கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டான். மேலே இருந்து கீழே வரை படித்தான். மறுபடியும் படித்தான். ஒரு இடத்தில் விரலை வைத்துத் தட்டினான். கிழித்துவிடுவான் என்று நினைத்தேன். போனில் படம் எடுத்துக்கொண்டான். என்னிடம் வந்து, நான் அங்கே என்ன செய்கிறேன் என்றுகூடக் கேட்காமல், "வா, வண்டியில ஏறு," என்றான்.

மீன் வண்டியில் முன்னால் உட்கார்ந்து போனோம். சிக்னலில் வண்டியை நிறுத்தினான்.

"கதவு நம்பரு தப்பு."

"என்னாடா?"

"பழைய நம்பரப் போட்டிருக்கா. போன வருஷமே மாத்திட்டாங்க. எவனாவது அத வச்சி ஆட்சேபண எழுதிக் குடுத்தா அம்போன்னு போயிடும். அவகிட்ட சொல்லு."

வீட்டுக்குப் போனதும் ஓடிப்போய் அவளிடம் சொல்ல வேண்டும் போலத்தான் இருந்தது. ஆனால் சொன்னேன்: "நீயே சொல்லு. நான் இவ சேதிய அவங்கிட்டயும் அவஞ் சேதிய இவகிட்டயும் தூக்கிட்டுப் போற வேலைய உட்டுட்டேன்."

"எப்போ உட்ட?"

"இப்போதான்."

அவன் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான். சாயங்காலம் கயல் வேலையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது, செய்தித்தாளிலிருந்து தலையைத் தூக்காமல், "புது நம்பரு நாப்பத்தி மூணு," என்றான். நான்கு நாளில் அவன் மகளிடம் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

அவள் மறுநாள் போய்க் கேட்டாள். திருத்தினால் புதுக் காகிதம் ஒட்ட வேண்டும், புதுக் காகிதம் என்றால் மறுபடி முதல் நாளிலிருந்து முப்பது நாள் என்று அதிகாரி சொல்லிவிட்டார். இருபத்து மூன்று நாள் தாண்டியாயிற்று அக்கா. இன்னும் ஒரு வாரம்தான் இருந்தது. அத்தனையும் போயிற்று.

அன்றிலிருந்து எனக்கு ஒரே யோசனை. செல்வம் வாங்குவதும் விற்பதுமாக அந்த ஆபீசில் பழகியவன். திருத்தினால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியாமலா இருக்கும்? மகளுக்கு நல்லது செய்தானா, இல்லை தனக்கு முப்பது நாள் சம்பாதித்துக்கொண்டானா? அந்த முப்பது நாளில் என்ன செய்யப் போகிறான்? உன் கை நடுங்காமல் சில்விக்குப் பூ வைத்ததைப் பார்த்தவள் நான். அமைதியாக இருக்கிற அப்பா அம்மாவைப் பார்த்தால் எனக்குப் பயம்.

கயலிடம் இதைச் சொன்னேன். அவளுக்கும் தோன்றியிருக்கிறது.

"தெரிஞ்சேகூட சொல்லியிருக்கலாம் ஆயா. அவருக்கு முப்பது நாளு வேணும்னா எடுத்துக்கட்டும். நான் ரெண்டு வருஷம் எடுத்துக்கிட்டேன்ல?"

"அந்தப் பையன் என்னா சொல்றான்?"

"லீவ மாத்தி எழுதிக் குடுத்துட்டான். அவங்கிட்ட அன்னிக்கு அப்டி பேசினதுக்கு சாரி கேட்டேன். வெவரமா திட்டினான், வாங்கிக்கிட்டேன்."

வெள்ளிக்கிழமை கூப்பிட்டால் ஓடி வர வேண்டும் என்று கேட்டவள். அடுத்த வெள்ளிக்கிழமை அப்பனுக்கு ஒரு மாதத்தைத் தூக்கிக் கொடுக்கிறாள். மூன்று மாத ஒத்திகையில் அந்த மேடைப் பெண்ணுக்கு வந்த மாற்றம் இவளுக்கு ஒரு வாரத்தில் வந்துவிட்டது. ஆனால் அவளுக்குப் பயம் இல்லை என்று நினைத்துவிடாதே. சோற்றைப் பிசைந்து பிசைந்து அப்படியே எழுந்து போகிறாள். சில்விக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். நாம் பார்க்கவில்லை.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்டதே இல்லை. பெரிய மாசேரிடம் நீ சொன்னதற்காக நீயும் கேட்கவில்லை, ஆகையால் அதில் நாம் சமம். சில்வியிடம்தான் கேட்டிருக்க வேண்டும், அன்றைக்கு உன் பெட்டிக்குப் பக்கத்தில் அவள் நின்றபோது. வாய் வரவில்லை. சொல்லக் கூடாத நேரத்தில் திறந்த வாய், சொல்ல வேண்டிய நேரத்தில் திறக்கவில்லை. அதைத்தான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன், இறக்கி வைக்க இடம் இல்லை.

புதுக் கணக்கில் இன்றைக்கு ஐந்தாம் நாள். இன்னும் இருபத்தைந்து. நேற்று மத்தியானம் நான்கு பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். செல்வம் தட்டைப் பார்த்தபடி, யாரைக் கேட்கிறான் என்றே தெரியாமல், "அந்தப் பையன் கடல் மீன் சாப்புடுவானா, இல்ல ஏரி மீனா?" என்றான். வசந்தி என்னைப் பார்த்தாள். கயலுக்குக் கையில் எடுத்த சோறு கையிலேயே நின்றது. எனக்குப் பதில் தெரியும் அக்கா. நுனி நாக்கில் இருந்தது. ஒரு வாய்ச் சோற்றைப் போட்டு மூடிக்கொண்டு, அவள் சொல்லட்டும் என்று காத்திருந்தேன்.